நத்தைக்கு ஒரு வெயில், புழுவுக்கு ஒரு வெயில்

கேள்வி சுருக்கமாக இது: தம்பிக்குத் தான்சானியாவில், முவான்சா நகரத்தில் வேலை. வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் விக்டோரியா ஏரி. ஆனால் அதில் காலை நனைக்காதே, நத்தையால் நோய் வரும் என்று அங்கிருப்பவர்கள் தடுக்கிறார்களாம். நத்தையால் எப்படி நோய் வரும்? பூமி சூடேறச் சூடேற அந்த நோய் பெருகி நம் ஊர் ஏரி, குளங்களுக்கும் வந்துவிடுமா?

முதல் பாதிக்குப் பதில் எளிது. அவர்கள் சொல்வது சரி, தம்பியை இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாம் பாதிதான் வில்லங்கம். வெயில் கூடினால் நோயும் கூடும் என்று செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். சில இடங்களில் அது நிஜம், சில இடங்களில் நேர் எதிர். எங்கே எது என்று புரிய அந்த நத்தையின் பிழைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நத்தை கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. வாடகை வாங்காத வீடு அது, அவ்வளவுதான். குடியிருப்பது ஷிஸ்டோசோமா என்ற புழுவின் குஞ்சுகள். நோயுள்ள ஒருவர் தண்ணீரிலோ கரையிலோ மலம், சிறுநீர் கழித்தால் அதிலிருக்கும் புழு முட்டை நன்னீர் பட்டதும் பொரிகிறது. வெளியே வரும் குஞ்சுக்குத் தீனி கிடையாது. ஒரு நாளுக்குள், சரியாகச் சொன்னால் முதல் சில மணி நேரத்துக்குள், தனக்குரிய நத்தையைத் தேடிப்பிடித்து உள்ளே புக வேண்டும். தவறினால் சாவு. புகுந்துவிட்டால் யோகம்தான்: நத்தையின் உடம்புக்குள் ஆண், பெண் சேர்க்கை இல்லாமலே பெருகி, ஒரே குஞ்சு சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். அப்போது பிளந்த வாலோடு தண்ணீருக்குள் நீந்தி வருவதன் பெயர் செர்க்கேரியா. தண்ணீரில் நிற்பவரின் தோலைச் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே போய்விடும். காலில் புண் இருக்க வேண்டியதில்லை, தண்ணீரைக் குடிக்கவும் வேண்டியதில்லை. முழங்கால் அளவு நின்றால் போதும்.

உள்ளே போன புழு வளர்ந்து, ஆணும் பெண்ணும் ஜோடியாகக் குடலையோ சிறுநீர்ப்பையையோ சுற்றியுள்ள ரத்த நாளங்களில் வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தும். நோயைத் தருவது புழுவைவிட அது இடும் முட்டைதான். பாதி முட்டைகள் வெளியேறாமல் ஈரலிலும் சிறுநீர்ப்பைச் சுவரிலும் சிக்கிக்கொள்ள, உடம்பு அவற்றோடு சண்டை போட்டே தழும்பாகிப் போகிறது. சிறுநீரில் ரத்தம், வீங்கிய வயிறு, ரத்தசோகை, பள்ளியில் தூங்கி விழும் பிள்ளைகள். 1851-இல் கெய்ரோவில் பிணப் பரிசோதனையின்போது இந்தப் புழுவைக் கண்டவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர். அதனால் பில்ஹார்சியா என்றும் சொல்வார்கள். தம்பி அங்கே பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் கேட்பான். 2021-இல் உலகில் 25 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதற்கான தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பத்துக்கு ஒன்பது பேர் ஆப்பிரிக்காவில்.

இனி வெயில். மலேரியாக் கொசுவைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. புழு நத்தைக்குள் புகுந்த நாளிலிருந்து செர்க்கேரியா வெளியே வரும் நாள்வரை நத்தை உயிரோடு இருந்தாக வேண்டும். தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்கு நாலைந்து வாரம் ஆகும். 18 டிகிரியில் மாதக்கணக்கு. 15-க்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நத்தையோ ஒரு வருடத்தைத் தாண்டுவதே அபூர்வம், புழு பிடித்த நத்தை அதற்கும் முன்னால் போய்ச் சேரும். ஆக, குளிர்ந்த தண்ணீரில் புழு முதிர்வதற்குள் வீடு இடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியில் நத்தை இருக்கும், நோய் இருக்காது.

தண்ணீர் சூடேறினால் புழுவுக்கு வேகம் வருகிறது. ஆனால் நத்தைக்கு 30 டிகிரியைத் தாண்டினாலே சங்கடம் தொடங்கும்: முட்டை குறையும், குஞ்சுகள் தங்காது. 35-ஐ ஒட்டிப் பல நாள் நீடித்தால் கூட்டமே கரைந்துவிடும். செர்க்கேரியாவின் கதையும் அதுதான். அது சாப்பிடுவதில்லை, நத்தையின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த சேமிப்பை எரித்துத்தான் நீந்துகிறது. வெந்நீரில் துள்ளி நீந்தும், ஆனால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து செத்துப்போகும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்த ஆய்வாளர்கள், நோய் மும்முரமாகப் பரவும் வெப்பநிலையைப் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டி வைக்கிறார்கள். வரைபடம் போட்டால் கோடு ஏறிக்கொண்டே போகாது. குன்றுபோல் ஏறி, உச்சி தொட்டு, மறுபக்கம் இறங்கும்.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்தக் குன்றில் இருக்கிறது. ஓர் ஊர் இன்று குன்றின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். குளிர்ந்த மேட்டு நிலமாக இருந்தால் இரண்டு டிகிரி ஏறுவது நோயை வரவேற்கும். ஏற்கெனவே கொதிக்கும் தாழ்நிலமாக இருந்தால் அதே இரண்டு டிகிரி நத்தையை விரட்டும். மேற்கு உகாண்டாவில் 1,400 மீட்டருக்கு மேல் இந்த நோய் பரவாது என்பது நெடுநாள் பாடமாக இருந்தது. 2000-களில் அங்குள்ள எரிமலைவாய் ஏரிகளில் அந்த உயரத்துக்கும் மேலே நத்தையும் இருந்தது, நோயாளிகளும் இருந்தார்கள். வெப்பம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், முன்பு அவ்வளவு உயரத்தில் யாரும் மெனக்கெட்டுத் தேடாமலும் இருந்திருக்கலாம். ஆனால் குன்றின் கணக்கு காட்டும் திசை அதுதான்.

இன்னொன்று. இங்கே நான் சொல்லும் டிகிரியெல்லாம் தண்ணீரின் சூடு. வானிலை அறிக்கையில் வரும் 40 டிகிரியை நத்தை பார்ப்பதே இல்லை. மேலே வெயில் கொளுத்தும்போது அது பாசிக்கு அடியில், மரநிழலில், ஒரு முழம் ஆழத்தில் இருக்கும். வெறும் காற்றின் வெப்பத்தை வைத்துப் போட்ட கணிப்புகளை நான் அதனால்தான் பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்துதான் படிப்பேன்.

வெப்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். இந்த நத்தைகளுக்கு ஓடும் தண்ணீர் ஆகாது. வினாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பிடிமானம் போய் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு பெருமழை ஓடையில் உள்ள நத்தைகளை ஒரே இரவில் துடைத்துவிடும். ஆனால் துடைத்தவை எங்கேயோ போய் ஒதுங்கத்தானே வேண்டும்? வெள்ளம் வடிந்த பின் தேங்கிய புதுக் குட்டைகளில் அவை குடியேறிவிடும். குடியேற ஜோடிகூட வேண்டாம். ஆப்பிரிக்காவில் இந்த நோயைச் சுமக்கும் பயோம்ஃபலேரியா, புலைனஸ் என்ற இரண்டு வகை நத்தைகளும் ஓர் உடலில் ஆணும் பெண்ணுமானவை, தனியாக இருந்தால் தானே கருவுற்று முட்டையிடும். வீட்டில் மீன்தொட்டி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நான் ஒருமுறை தொட்டிக்கு ஒரு கொத்துச் செடி வாங்கி வந்தேன், அதோடு உளுந்தளவில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒன்றுதானே என்று விட்டேன். இரண்டு மாதத்தில் கண்ணாடி முழுக்க நத்தை, வழவழவென்று முட்டைப் பொட்டலம். கடைசியில் தொட்டியையே கொட்டிக் கழுவ வேண்டியதாயிற்று.

வறட்சி வந்தால் ஒழியும் என்று நினைப்போம். குளம் வற்றினால் பெரும்பாலானவை சாவது உண்மை. ஆனால் புலைனஸில் சில இனங்கள் சேற்றுக்குள் இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் மழைக்காலத்தில் மட்டும் நிறையும் குட்டைகளில் நோய் வருடா வருடம் திரும்புவது இப்படித்தான். உடம்புக்குள் முதிராத புழுவோடு உறங்கப் போய், புழுவோடு விழிக்கும் நத்தைகளும் உண்டு. அதோடு, வறட்சியில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்றும் யோசியுங்கள். பத்துக் குட்டைகளுக்குப் போன ஊர் மிஞ்சிய ஒரே குட்டையில் வந்து குளிக்கும், துவைக்கும், மாட்டை இறக்கும். வெயில் அதிகமான நாளில் பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏற மாட்டார்கள். மனிதனைத் தாக்கும் ஆப்பிரிக்க இனங்களில் செர்க்கேரியா அதிகமாக வெளிவருவதும் நடுப்பகல் வெளிச்சத்தில்தான்.

இந்த இடத்தில் செனகல் நாட்டின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1970-களின் வறட்சியில் அடிபட்ட நாடு அது. செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தியாமா என்ற இடத்தில் ஓர் அணை கட்டினார்கள். கடல் உப்பு ஆற்றில் ஏறாமல் தடுக்க வேண்டும், நெல்லுக்கும் கரும்புக்கும் வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். நல்ல நோக்கம்தான். 1986-இல் அணை செயலுக்கு வந்தது. அதற்கு முன் கோடையில் ஏறிய உப்புத் தண்ணீர் நத்தையைக் கட்டுக்குள் வைத்திருந்தது; இப்போது உப்பு இல்லை, வாய்க்கால் வற்றுவதில்லை, கரும்புக்குப் போட்ட உரம் கரைந்து வந்து பாசி செழிக்கிறது. நத்தைக்கு வேறென்ன வேண்டும்? 1988-இல் ரிச்சார்-டோல் என்ற கரும்பு ஊரில் குடலைத் தாக்கும் வகை முதன்முதலாகத் தென்பட்டது. சில வருடங்களில் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய் இருந்தது. அத்தனை வேகத்தில் அது பரவிய இடங்கள் உலகில் குறைவு.

அணை இன்னொன்றையும் தடுத்துவிட்டது. அந்த ஆற்றில் ஒரு பெரிய இறால் உண்டு, நம் காவிரி, கொள்ளிடத்தில் கிடைக்கும் ஆற்று இறாலின் நெருங்கிய உறவு. முட்டை பொரிக்க உவர்நீருக்கு இறங்கிப் போய், குஞ்சாகத் திரும்பி மேலேறும். அதன் விருப்ப உணவு நத்தை. அணையால் வழி அடைபட்டு இறால் போயிற்று, நத்தைக்கு எதிரி இல்லாமல் போயிற்று. பின்னால் ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஒரு கிராமத்தின் நீர்த்துறையில் வலை கட்டி இறாலை மறுபடி விட்டுப் பார்த்தார்கள். புழு பிடித்த நத்தைகள் நன்றாகக் குறைந்தன. இன்னொரு முயற்சியில் துறைகளில் அடர்ந்திருந்த பாசிச்செடிகளை வாரிக் கரையேற்றி, உரமாகவும் கால்நடைத் தீவனமாகவும் மாற்றினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நோய் திரும்ப வருவது குறைந்தது. மருந்து அடித்துக் குளத்தில் மீனையும் சேர்த்துக் கொல்வதைவிட எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

இந்தக் கதையை நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. செனகலில் வெப்பம் நேரடியாக நத்தையைப் பெருக்கவில்லை. மழை பொய்த்தது, மழை பொய்த்ததால் அணை வந்தது, அணையால் நத்தை வந்தது. வரும் ஆண்டுகளிலும் ஆப்பிரிக்காவில் காலநிலையின் பெரிய அடி இப்படிச் சுற்றுவழியில்தான் விழும் என்பது என் கணிப்பு. வறட்சிக்குப் பயந்து கட்டும் ஒவ்வொரு சிறு அணையும் வாய்க்காலும் நத்தைக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி, கட்டும்போதே அதை யோசிக்காவிட்டால்.

நேரடி வெப்பத்தின் கை தெளிவாகத் தெரியும் இடம் சீனா. அங்கே யாங்சி ஆற்றுப் படுகையில் உள்ளது வேறு வகைப் புழு, வேறு வகை நத்தை: ஓன்கோமெலேனியா, அரிசி நீளத்துக்குக் கொஞ்சம் மேல், பாதி நாள் தண்ணீரில், பாதி நாள் ஈரமான புல்லில். 1950-களில் அந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் இருந்தது, இன்று சில பத்தாயிரம்தான். இந்த நத்தையின் வடக்கு எல்லையை முடிவு செய்வது ஜனவரி மாதக் குளிர். சராசரி வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இடத்தில் அது பிழைக்காது, அந்தக் கோடு ஏறக்குறைய 33 டிகிரி அட்சரேகையை ஒட்டி ஓடியது. குளிர்காலம் இளகியதால் கோடு வடக்கே நகர்ந்திருக்கிறது. சீன ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2050-க்குள் நோய் பரவக்கூடிய பரப்பு விரிந்து, விரியும் பகுதி மட்டுமே நாட்டின் நிலப்பரப்பில் 8 சதவீதம் வரை ஆகலாம். தெற்கிலிருந்து வடக்கே தண்ணீர் கொண்டுபோகும் பெரிய கால்வாய்த் திட்டம் வேறு இருக்கிறது; நத்தைக்கு வண்டியும் தயார். இது 'பரவக்கூடிய' பரப்பு என்பதை மறக்க வேண்டாம், பரவிவிட்டது என்பதல்ல.

ஐரோப்பாவையும் தொட்டுவிடுகிறேன். பிரான்சின் கோர்சிகா தீவில் காவு என்று ஓர் ஆறு, கோடையில் சுற்றுலா வருபவர்கள் குளிக்கும் இடம். 2013 கோடையில் அங்கே குளித்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீர் பில்ஹார்சியா வந்தது மறு வருடம் தெரியவந்தது. ஆப்பிரிக்கா பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் அவர்கள். மரபணுவைப் பார்த்தால் அது மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்த கலப்பினம், பூர்வீகம் செனகல் பக்கம். நோயுள்ள யாரோ ஒருவர் ஆற்றில் சிறுநீர் கழித்திருக்க வேண்டும். நத்தை அங்கே வெகுகாலமாகவே இருந்தது, கோடைத் தண்ணீர் போதுமான சூட்டில் இருந்தது, புழு மட்டும்தான் பாக்கி.

வெப்பமே எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது ஜப்பானை. இந்த நோய் நத்தை வழியாகப் பரவுகிறது என்பதை 1913-இல் முதலில் நிரூபித்ததே அங்கேதான், மியாயிரி என்ற பேராசிரியர். அதன்பின் பல பத்தாண்டுகள் வயல் வாய்க்கால்களுக்கு சிமெண்ட் பூசினார்கள், நத்தையைப் பொறுக்கினார்கள், மருந்தடித்தார்கள், உழவு மாட்டுக்குப் பதில் இயந்திரம் வந்தது, கழிப்பறை வந்தது. நோய்க்குப் பேர்போன யமனாஷி மாகாணம் 1996-இல் அது முடிந்துவிட்டதாக அறிவித்தது. அதே நூறு வருடத்தில் ஜப்பானும் சூடாகிக்கொண்டேதான் இருந்தது.

அப்புறம், நம் ஊர். தமிழ்நாட்டின் தட்பவெப்பம் இந்தப் புழுவுக்கு இன்றே ஒத்துப்போகும். ஏப்ரல், மே மாதங்களின் ஆழமில்லாத குட்டைகளை விட்டுவிட்டால் நம் கண்மாய்களும் வாய்க்கால்களும் நத்தைக்கு நல்ல வீடுதான். பிறகு ஏன் வரவில்லை? குளம் இருக்கிறது, புழுவுக்கு ஒத்துப்போகும் நத்தை இல்லை. கண்ட நத்தையிலும் இந்தப் புழு வளராது, அதற்கு இனம் பொருந்த வேண்டும். பயோம்ஃபலேரியா நம்மிடம் இல்லை. நம் குளங்களில் எங்கும் கிடைக்கும் தட்டைச் சுருள் நத்தையான இண்டோபிளனார்பிஸில் ஆப்பிரிக்க மனிதப் புழு தங்காது. இந்தியாவில் மனித நோய் நிலைகொண்டதாக அறியப்பட்ட இடம் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற கிராமம், 1952-இல் பதிவானது. அங்கே வீடு கொடுத்தது வேறொரு சின்னஞ்சிறு நத்தை. அது அந்தக் கிராமத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.

ஆனால் மாட்டுப் புழுக்கள் நம்மிடம் தாராளமாக உண்டு. மாட்டின் மூக்கு நாளங்களில் குடியிருந்து, மூக்கடைத்துக் குறட்டைபோல் மூச்சு வாங்க வைக்கும் ஷிஸ்டோசோமா நசாலே என்ற இனத்தை 1933-இல் விவரித்தவர் ராவ் என்ற இந்திய ஆய்வாளர். அந்தப் புழுக்களுக்கு வீடு மேலே சொன்ன நம் இண்டோபிளனார்பிஸ்தான். இவற்றின் செர்க்கேரியா சில சமயம் ஆள் தெரியாமல் மனிதத் தோலிலும் நுழைந்துவிடும். உள்ளே போனதும் வழி தெரியாமல் அங்கேயே செத்துவிடும், நமக்கு மிஞ்சுவது சில நாள் அரிப்பும் சிவந்த தடிப்பும். நாற்று நட இறங்கியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் அரிப்பில் ஒரு பங்கு இது. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆடு மாடுகளுக்கு வரும் ஈரல் புழுவும் வேறொரு நத்தை வழியாகத்தான் வருகிறது. ஏரி ஓரத்து ஈரப்புல்லில் மேய விடாதே என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மழைக்காலம் நீண்டால், அல்லது காலம் தவறிப் பெய்தால், நம்மிடம் முதலில் மாறப்போவது இந்தக் கால்நடைக் கணக்குதான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் மழையையும் வெப்பத்தையும் வைத்து ஈரல் புழு எந்த வருடம் அதிகமாகும் என்று 1950-களிலிருந்தே முன்கூட்டிச் சொல்லி வருகிறார்கள். நம் பண்ணைகளுக்கும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது.

மனித நோய் விஷயத்தில் நான் கவனிக்கச் சொல்வது வெப்பமானியை அல்ல, மீன்தொட்டிக் கடையை. பிரேசில் பக்கத்து பயோம்ஃபலேரியா ஒன்று 1974-இல் ஹாங்காங்கில் தென்பட்டது. அலங்காரச் செடிகளோடு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள், அங்கிருந்து தென் சீனாவுக்கும் போய்விட்டது. தொட்டித் தண்ணீரையும் செடியையும் வாய்க்காலில் கொட்டாமல் இருப்பது அத்தனை சின்ன விஷயம் இல்லை.

சரி, தம்பிக்கு வருவோம். விக்டோரியா ஏரி வருடம் முழுக்க 24, 25 டிகிரியைச் சுற்றியே இருக்கும், குன்றின் உச்சிக்குப் பக்கம். முவான்சா கரையோரம் இந்த நோய்க்குப் பேர்போனது. படகில் போகலாம், கரையில் நடக்கலாம், ஆழமில்லாத கரையோரத் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏரித் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்றால், நத்தை நுழையாத தொட்டியில் இரண்டு நாள் பிடித்து வைத்துவிட்டுக் குளித்தால் செர்க்கேரியா அதற்குள் செத்திருக்கும். தவறி இறங்கிவிட்டால் உடனே துண்டால் அழுத்தித் துடைக்கட்டும், கொஞ்சம் தடுக்கலாம், முழுதாக நம்ப முடியாது. சில வாரம் கழித்துக் காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தால், மலேரியா பரிசோதனையோடு நிறுத்தாமல் ஏரியில் இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் கடைசியாக இறங்கி இரண்டு, மூன்று மாதம் ஆனபின் ஒரு பரிசோதனை அவசியம். மருந்து பிரசிகுவான்டல் என்ற மாத்திரை, விலை குறைவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், குஞ்சுப் பருவத்தில் அவ்வளவாகப் பலிக்காது. ஏரியிலிருந்து ஏறிய அன்றே விழுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறேன் என்று தம்பி சொன்னால், அந்த நிம்மதி வேண்டாம் என்று சொல்லுங்கள்.